மலைநாட்டுக் காரைப் பந்தயத் திடலுக்குத் தயார்ப்படுத்தல்: புதியவர்களுக்கான வழிகாட்டி

சொந்தக் காரைப் பந்தயத் திடலில் ஓட்டிப் பார்க்க விரும்பும் மலையகத்து நண்பர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்தப் பாகத்தை வாங்கிப் பூட்டினால் சுற்று நேரம் குறையும் என்பதையே. அந்தக் கேள்விக்கு முன்னர் செய்து முடிக்க வேண்டிய வேலைகள் பல உள்ளன. காரை ஒவ்வொரு முறையும் ஒரே நிலையில் திடலுக்குள் கொண்டு செல்லவும், ஒரே சீராக ஓட்டவும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி அதன் விளைவை அளந்து பார்க்கவும் பழகியவர், பெரிய செலவில்லாமலே செக்கன்களைக் குறைத்துவிடுகிறார். இந்தப் பழக்கம் இல்லாதவர் எவ்வளவு விலையுயர்ந்த பாகத்தைப் பூட்டினாலும், அது உதவியதா கெடுத்ததா என்று அறிய அவருக்கு வழியில்லை.

எங்கே ஓட்டுவது

நுவரெலியாவில் ஏப்ரல் வசந்தகாலத்தோடு ஒட்டி நடைபெறும் மாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. ரதல்லயிலும் அத்தகைய மலையேற்றப் பந்தயம் நடந்திருக்கிறது. தியத்தலாவை பொக்ஸ் ஹில் மண் தடமாதலால் அதற்குரிய காரும் ஓட்டுமுறையும் வேறு. தார்த் தளத்தில் சுற்றுச் சுற்றாக ஓட்டிப் பழக விரும்புபவர் மலையிறங்கித்தான் ஆக வேண்டும். களுத்துறைக்கு அருகே, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியர் பயன்படுத்திய கட்டுக்குருந்தை விமான ஓடுதளத்தில் மோட்டார் பந்தயங்கள் நீண்ட காலமாக நடந்து வந்துள்ளன. எந்த நாளில், எந்த விதிமுறையின் கீழ் திடல் திறந்திருக்கும், என்ன அனுமதிப்பத்திரம் தேவை என்பவற்றை ஏற்பாடு செய்யும் கழகத்திடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். உங்கள் காப்புறுதிப் பத்திரத்தையும் ஒரு முறை வாசியுங்கள். பந்தயத்திலும் வேகச் சோதனையிலும் ஏற்படும் சேதத்தைச் சாதாரண மோட்டார் காப்புறுதிகள் பொதுவாக ஏற்பதில்லை.

பொது வீதியில் பயிற்சி எடுக்கவே கூடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் 2023 ஜனவரியில் பேருந்தும் வேனும் முச்சக்கர வண்டியும் மோதிக்கொண்டதில் 7 பேர் உயிரிழந்தனர். அங்கே யாரும் பந்தயம் ஓடவில்லை. சரிவும் வளைவும் நிறைந்த வீதி அது. அத்தகைய வீதிகளில் ஒரு வளைவை எவ்வளவு வேகமாக எடுக்கலாம் என்று சோதித்துப் பார்ப்பவர், எதிரே வரும் தோட்டத்து லொறியையும் பாடசாலைப் பிள்ளைகளையும் அந்தச் சோதனைக்குள் இழுத்துவிடுகிறார். ஒழுங்குசெய்யப்பட்ட நிகழ்விலும் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. 2024 ஏப்ரல் 21 அன்று பொக்ஸ் ஹில்லில் கார் ஒன்று தடத்தை விட்டு விலகியதில் 7 பேர் உயிரிழந்தனர். உங்களோடு வரும் குடும்பத்தாரையும் நண்பர்களையும் எங்கே நிற்க வைப்பது என்பதும் உங்கள் ஆயத்தத்தில் ஒரு பகுதியே.

முதல் வேலை பிரேக்

மலைநாட்டுக் கார்களின் பிரேக் மற்ற இடத்துக் கார்களின் பிரேக்கை விடக் கூடுதலாக உழைத்திருக்கும். திடலுக்குப் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பாவது நான்கு சில்லுகளையும் கழற்றி, பிரேக் பேட்டின் தடிப்பைப் பாருங்கள். புதிதாக இருந்த தடிப்பில் பாதிக்குக் கீழ் போயிருந்தால் மாற்றிவிடுங்கள், ஏனெனில் வெப்பத்தைத் தாங்கிக்கொள்ள அங்கே பொருள் மிச்சமில்லை. டிஸ்கில் மயிரிழை வெடிப்புகள் விளிம்பு வரை ஓடுகின்றனவா, ரப்பர்க் குழாய்கள் வீங்கியோ வெடித்தோ உள்ளனவா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது பிரேக் ஒயில். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. மூடுபனியும் மழையும் குறையாத ஊரில் இரண்டு மூன்று வருடம் மாற்றாமல் விட்டிருந்தால், புதியதாக இருந்தபோது கொதித்த வெப்பநிலைக்கு வெகு முன்னரே அது கொதித்துவிடும். டொட் 3 தரத்தின்படி புதிய ஒயில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரையும், ஈரமேறியது 140 பாகை வரையும் தாங்க வேண்டும். டொட் 4 என்றால் முறையே 230, 155, டொட் 5.1 என்றால் 260, 180. கொதித்த ஒயிலில் ஆவிக் குமிழ்கள் உண்டானால் மிதிகட்டை தரைவரை போகும், கார் நிற்காது. முதல் திடல் நாளுக்கு முன் நல்ல டொட் 4 ஒயிலை முழுமையாக மாற்றுவதே நீங்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள செலவு. பெயர் ஒத்திருக்கிறதே என்று சிலிகோன் வகையான டொட் 5ஐ வாங்கி ஊற்றிவிடாதீர்கள். அது மற்றவற்றுடன் கலக்கக் கூடாதது. பிரேக் குழாய்களில் சிக்கிய காற்றை எடுக்கும் வேலையை உங்கள் காருக்குரிய கைநூலின்படியே செய்யுங்கள், ஏனெனில் பிரேக் பிடிக்கும்போது சில்லு பூட்டுப்படாமல் காக்கும் ஏ.பி.எஸ். உள்ள கார்களில் அது வேறுபடும்.

கினிகத்தனை வழியாகவோ றம்பொடை வழியாகவோ இறங்கும்போதே பிரேக்கை வறுத்துவிடாமல், தாழ்ந்த கியரில் என்ஜினின் இழுவையால் வேகத்தைக் கட்டுப்படுத்தி இறங்குங்கள். திடலில் பத்துச் சுற்று ஓட வேண்டிய பேட்டை வழியிலேயே கண்ணாடி போல் பளபளக்கவைத்துவிட்டு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். பிறகு நாள் முழுவதும் பிரேக் பிடிக்கவில்லை என்று குறை சொல்வார்கள்.

டயரும் காற்றும்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் வாசிக்க நேரமிருந்தால் இதை வாசியுங்கள். என்ஜின், சொக் அப்சோர்பர், பிரேக் எல்லாம் செய்யும் வேலை இறுதியில் உள்ளங்கை அளவான நான்கு ரப்பர்த் தடங்கள் வழியாகவே தரையைச் சேருகிறது. அந்தத் தடங்களின் வடிவைத் தீர்மானிப்பது காற்றழுத்தம்.

முதலில் டயரின் வயதைப் பாருங்கள். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டும் வாரத்தையும் பின் இரண்டும் வருடத்தையும் குறிக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடத்தின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. பாவித்த டயர்களை விற்கும் கடைகளில் பள்ளம் ஆழமாக இருந்தும் ரப்பர் இறுகிப்போன டயர்கள் கிடைக்கின்றன. அவை விலையில் மலிவு, பிடிமானத்தில் நட்டம்.

இனி அழுத்தம். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே வளிமண்டல அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது ஏறத்தாழ 3 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்ற அழுத்த அலகு) குறைவு. காற்றழுத்தமானி டயருக்குள் உள்ள அழுத்தத்துக்கும் வெளியே உள்ள அழுத்தத்துக்கும் இடையிலான வித்தியாசத்தையே காட்டுவதால், மலையில் 30 காட்டிய டயர் கீழே இறங்கியதும், உயர வித்தியாசத்தால் மட்டும் 27 காட்ட வேண்டும். ஆனால் கீழே வெப்பம் அதிகம். ஒவ்வொரு 10 பாகைக்கும் ஏறத்தாழ ஒன்றரை பி.எஸ்.ஐ. கூடும். 12 பாகைக் குளிரில் நுவரெலியாவில் வைத்த 30, கட்டுக்குருந்தையின் 32 பாகை நிழலில் மீண்டும் ஏறத்தாழ 30 ஆகவே தெரியும், ஏனெனில் இரண்டு விளைவுகளும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. நண்பகல் வெயிலில் காற்று வைத்தவருக்கும் பண்டாரவளையின் இடைப்பட்ட உயரத்தில் வைத்தவருக்கும் கணக்கு இப்படிச் சரியாக வராது. ஆகவே காற்றைத் திடலுக்கு வந்த பிறகு, கார் நிழலில் நன்கு ஆறிய நிலையில், எப்போதும் ஒரே மானியைக் கொண்டு அளந்து வையுங்கள். கடைக்குக் கடை மானிகள் 2 பி.எஸ்.ஐ. வரைகூட வேறுபடலாம் என்பதால், சொந்தமாக ஒன்று வாங்கிக்கொள்வது அவசியம்.

தொடக்கமாக, ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டியுள்ள அளவையே வையுங்கள். நான்கைந்து சுற்று ஓடிவிட்டு நேரே உள்ளே வந்து, டயர் ஆறுமுன் நான்கையும் அளந்து எழுதுங்கள். 5 அல்லது 6 பி.எஸ்.ஐ. ஏறியிருப்பது வழமை. சாதாரண வீதி டயருடன் உள்ள ஸ்விஃப்ட், விட்ஸ் போன்ற முன்சக்கர இழுவைக் கார்களில் முன் டயர்களின் சூடான அழுத்தத்தை 34க்கும் 36க்கும் இடையில் கொண்டுவந்து, அங்கிருந்து ஒவ்வொரு பி.எஸ்.ஐ. ஆக மாற்றிச் சோதிப்பது நல்ல தொடக்கம். வலமும் இடமும் சூட்டில் சமமாக வர வேண்டும். குளிரில் சமமாக இருக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் அதிகம் சுமக்கும் திடலில் அந்தப் பக்கத்து டயர் அதிகம் சூடாகும், ஆகவே அதைக் குறைவாகத் தொடங்கலாம்.

அழுத்தம் சரியா என்பதைச் சுண்ணாம்புக் கட்டியே சொல்லிவிடும். ஓடப் போகுமுன், டயரின் முகப்பிலிருந்து பக்கச் சுவரின் மேற்பகுதி வரை குறுக்கே ஒரு கோடு போடுங்கள். ஓடி வந்ததும் குந்தியிருந்து அதன் ஓரத்தை உற்றுப் பாருங்கள். கோடு அழிந்து நிற்கும் இடமே டயர் சாய்ந்து தரையைத் தொட்ட எல்லை. பல டயர்களின் தோளில் சிறிய முக்கோண அடையாளம் இருக்கும். கோடு அதைத் தாண்டிப் பக்கச் சுவரில் அழிந்திருந்தால் காற்றுப் போதாது, அதற்கு வெகு மேலேயே மிஞ்சி நின்றால் காற்று அதிகம். அதே தோளில் விரலை வைத்துத் தடவினால், அளவுக்கு மிஞ்சி வழுக்கிய முன் டயரில் அழிறப்பர்த் துகள் போலச் சுருண்ட ரப்பர் கையில் வரும். அது காரின் அமைப்பைக் காட்டிலும் உங்கள் ஸ்டியரிங் பழக்கத்தைப் பற்றியே அதிகம் சொல்கிறது: பிடிமானம் தீர்ந்த பிறகும் சக்கரத்தை மேலும் திருப்பியிருக்கிறீர்கள்.

முதல் நாள் ஓட்டம்

வாகனத்திலிருந்து தளர்வான எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்: ஜாக்கி, மேலதிகச் சில்லு, கால்விரிப்பு, கதவுப் பையிலுள்ள தண்ணீர்ப் போத்தல். பட்டரி அசையாமல் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். சில்லு நட்டுகளை முறுக்குமானியால் இறுக்குங்கள். பெரும்பாலான சிறிய டொயோட்டாக்களுக்கு 103 நியூட்டன் மீற்றர், ஹொண்டாக்களுக்கு 108, மற்றவற்றுக்குக் கைநூலைப் பாருங்கள். முழு முகத்தையும் மூடும் தலைக்கவசம், பருத்தி உடை, மெல்லிய அடியுள்ள சப்பாத்து ஆகியவை போதும். கொடிகளின் பொருளை மனப்பாடமாக்கிக்கொள்ளுங்கள். மஞ்சள் என்றால் முந்தாமல் மெதுவாக, சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது, நீலம் என்றால் பின்னால் வேகமானவர் வருகிறார், கறுப்பு என்றால் நீங்கள் உள்ளே வர வேண்டும்.

முதல் அரை மணி நேரத்தில் வேகத்தை மறந்து, ஒவ்வொரு வளைவுக்கும் எங்கே பிரேக் பிடிப்பது, எங்கே திரும்புவது, எங்கே உள்விளிம்பைத் தொடுவது என்பதற்கு ஓர் அடையாளத்தை நிலைநிறுத்துங்கள். மலைவீதியில் ஓட்டிப் பழகியவர்களிடம் ஒரு நல்ல பழக்கமும் ஒரு தீய பழக்கமும் உண்டு. மறைவான வளைவில் உட்புறத்தைப் பிந்தித் தொட்டு, வெளிப்புறம் தெரிந்த பிறகே வேகமெடுப்பது நல்ல பழக்கம். அது திடலிலும் அப்படியே பயன்படும். தன் ஒழுங்கைக்குள்ளேயே ஒடுங்கி ஓட்டுவது வீதியில் கட்டாயம், திடலிலோ இழப்பு. அகலம் முழுவதையும் பயன்படுத்தினால் வளைவின் ஆரை பெருகும், ஆரை பெருகினால் அதே பிடிமானத்தில் அதிக வேகத்தில் போகலாம்.

வளைவின் உட்புகு வேகத்தை விட வெளியேறும் வேகமே நேரத்தைக் குறைக்கிறது. 600 மீற்றர் நேர்த்தடத்தைச் சராசரி 120 கிலோமீற்றர் வேகத்தில் கடக்க 18 செக்கன் எடுக்கும். சராசரி 122 ஆனால் 17.7 செக்கன். முன்னைய வளைவிலிருந்து சற்று முன்னதாக முழு வேகம் கொடுக்க முடிந்ததால் கிடைத்த அந்த 0.3 செக்கனுக்காகச் சிலர் பெரும் தொகையைச் செலவிட்டு எக்ஸ்ஹோஸ்ட் மாற்றுகிறார்கள்.

ஒவ்வொரு முறையும் கடைசிச் சுற்றைப் பிரேக் பிடிக்காமல் மெதுவாக ஓடி, எல்லாவற்றையும் ஆறவிட்டு உள்ளே வாருங்கள். நிறுத்திய பின் ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல், கியரில் விட்டுச் சில்லுக்குக் கட்டை வையுங்கள்.

அளப்பதும் எழுதுவதும்

தொலைபேசியில் உள்ள நேரமானிச் செயலிகள் தொடக்கத்துக்குப் போதுமானவை, எனினும் பல தொலைபேசிகள் செக்கனுக்கு ஒரு முறையே இடத்தைப் பதிவதால் அவற்றின் பத்தில் ஒரு செக்கனை நம்ப வேண்டாம். செக்கனுக்கு 10 முறை பதியும் தனி ஜீ.பீ.எஸ். கருவியை இணைத்தால் அளவு நம்பத்தக்கதாகும்.

தடித்த அட்டையுள்ள சீ.ஆர். கொப்பி ஒன்றை இதற்கென வைத்திருங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நேரம், வெப்பநிலை, தளம் ஈரமா உலர்வா, பெற்றோல் அளவு, குளிர் அழுத்தம், சூடான அழுத்தம், செய்த மாற்றம், கார் நடந்துகொண்ட விதம் என்று எழுதுங்கள். ஐந்து சுற்றுகளும் ஒரு செக்கனுக்குள் அடங்கி வரும்வரை காரின் அமைப்பில் கைவைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சுற்றுக்குச் சுற்று மூன்று செக்கன் வேறுபடுபவரால் அரைச் செக்கன் மாற்றத்தை இனங்காண முடியாது.

அந்தச் சீர் வந்த பிறகு, மாற்றத்துக்கு முன் ஓட்டம், மாற்றிய பின் ஓட்டம், மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவந்து ஓட்டம் என்று மூன்றையும் ஓடுங்கள். மூன்றாவது ஓட்டத்தைப் பலர் வீண் என்று விட்டுவிடுகிறார்கள். நாள் செல்லச் செல்லத் தளத்தில் ரப்பர் படிந்து எல்லோருடைய நேரமும் தானாகவே குறைவதால், நேரக் குறைவு உங்கள் மாற்றத்தால் வந்ததா, தளத்தால் வந்ததா என்று காட்டுவது அந்த மூன்றாவது ஓட்டம் மட்டுமே.

காரின் அமைப்பை மாற்றும் ஒழுங்கு

காற்றுக்கு அடுத்தது வீல் எலைன்மென்ட். மக்ஃபர்சன் வகை, அதாவது சொக் அப்சோர்பரே சில்லைத் தாங்கும் தூணாக அமைந்த முன் சஸ்பென்ஷன் உள்ள கார், வளைவில் சாயும்போது வெளிப்பக்கச் சில்லு தன் உள்சாய்வை இழந்து டயரின் வெளித்தோளில் ஏறிவிடும். அதை ஈடுசெய்ய முன்சில்லுகளுக்கு முன்கூட்டியே உள்சாய்வு, அதாவது மைனஸ் கேம்பர் கொடுக்கிறோம். வீதியிலும் ஓடும் காருக்கு ஒன்றரைப் பாகை முதல் இரண்டு பாகை வரை போதும். பல கார்களில் இதற்கு ஒழுங்குசெய்யும் வசதி இராது. சொக் அப்சோர்பரின் அடியிலுள்ள இரு போல்ட்டுகளில் ஒன்றுக்குப் பதிலாகக் கேம்பர் போல்ட் பூட்டலாம். கேம்பரை மாற்றினால் டோவும், அதாவது மேலிருந்து பார்க்கும்போது சில்லுகள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவும், மாறும், ஆகவே டோவை மீண்டும் சரிசெய்யாமல் கடையிலிருந்து காரை எடுக்காதீர்கள். அளக்கும்போது ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்குச் சமமான பாரம் இருக்கட்டும், தாங்கியில் திடலில் வைத்திருக்கும் அளவு பெற்றோல் இருக்கட்டும். 40 லீற்றர் பெற்றோல் ஏறத்தாழ 30 கிலோ எடையுள்ளது.

பின்சில்லுகளுக்கு வெளிநோக்கிய டோ கொடுத்தால் முன்சக்கர இழுவைக் கார் நன்றாகத் திரும்பும் என்று யாராவது சொல்வார்கள். உலர்ந்த திடலில் அது உண்மை. அதே காரில் அன்று மாலை மழையில் கினிகத்தனை ஏறி வீடு திரும்ப வேண்டியவருக்கு அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

வளைவின் நடுவில் முன்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டு போகிறது என்றால், முதலில் உங்கள் உட்புகு வேகத்தைச் சற்றுக் குறைத்துப் பாருங்கள். அப்போதும் தள்ளினால் முன் அழுத்தத்தையும் கேம்பரையும் பாருங்கள், அதன் பின்பே பின்பக்க ஸ்டெபிலைசர் பாரை, அதாவது வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியை, தடிப்பானதாக மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள். பின்பக்கம் அலைகிறது என்றால் இதன் எதிர்த்திசையில் செல்லுங்கள். சொக் அப்சோர்பர் தேய்ந்து எண்ணெய் கசிந்திருந்தால் மேற்சொன்ன எதுவும் பயன் தராது, நல்ல சாதாரண சொக் நான்கையும் பூட்டுவதே முதல் முன்னேற்றம்.

ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்தும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. வெட்டிய ஸ்பிரிங் தன் இருக்கையில் சரியாக அமராது, முழுதும் விரியும்போது இடம் பெயரக்கூடும். மக்ஃபர்சன் அமைப்பில் காரை அதிகம் தாழ்த்தும்போது, காரின் ஈர்ப்பு மையம் இறங்குவதை விடச் சாய்வு மையம், அதாவது கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது, கூடுதலாக இறங்கிவிடுவதால், மென்மையான ஸ்பிரிங்குடன் கார் முன்னையதை விட அதிகமாகவே சாயக்கூடும்.

என்ஜினும் உயரமும்

அடர்த்தி குறைந்த காற்றினால் டர்போ இல்லாத என்ஜின் நுவரெலியாவில் தன் வலுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழக்கிறது. பெற்றோல் ஊசிமுறை என்ஜின்கள் இதற்கேற்பத் தாமே பெற்றோலைக் குறைத்துக்கொள்கின்றன. பழைய கார்புரேட்டர் கார்களை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மலையின் காற்றுக்கேற்ப ஜெட்டை, அதாவது கார்புரேட்டரில் பெற்றோல் வரும் துளையை, சிறிதாக்கிய காரை அப்படியே கடற்கரைக்குக் கொண்டுபோய் முழு வேகத்தில் ஓட்டினால், காற்று மிகுந்து பெற்றோல் குறைந்த கலவையில் என்ஜின் சூடேறிப் பிஸ்டன் உருகவும் கூடும். இறங்குமுன் ஜெட்டை மாற்றுங்கள். மறுபுறம், நுவரெலியாவின் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும் என்பதால், அழுத்தம் பிடிக்காத பழைய ரேடியேட்டர் மூடியுடன் மலையேற்றப் பந்தயத்துக்குப் போகக் கூடாது.

மலையேற்றமும் மழையும்

மலையேற்றப் பந்தயத்தில் நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு ஒரே ஓட்டம். டயர் சூடாக நேரமில்லை, ஆகவே குளிர் அழுத்தத்தை, திடலில் நீங்கள் கண்ட சூடான அளவுக்குச் சற்றே குறைவாக வைத்துத் தொடங்குங்கள். ஏற்றத்தில் எடை பின்னோக்கிச் செல்வதால் முன்சக்கர இழுவைக் காரின் சில்லுகள் சுழலும், புறப்படும்போது பெற்றோலை அளந்து கொடுங்கள். பந்தயத்துக்கு முன் தடத்தை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் காலால் நடந்து, தேயிலைச் செடிகளின் நிழலில் எந்த இடம் காயாமல் இருக்கிறது, எந்த வளைவில் மண் கழுவி வந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் பிற்பகல் இடிமழை சாதாரணம் என்பதால் ஈரத் தடத்துக்கான அமைப்பையும் கொப்பியில் தயாராக வைத்திருங்கள்: ஒழுங்குசெய்யும் சொக் என்றால் இரண்டு மூன்று நிலை மென்மையாக, பின் ஸ்டெபிலைசர் பார் தளர்வாக, ஸ்டியரிங்கும் பிரேக்கும் மெதுவாக.

வீடு திரும்புமுன்

கடைசி ஓட்டம் முடிந்து ஒரு மணி நேரமாவது காரை ஆறவிடுங்கள். சூட்டில் வெளியேற்றிய காற்றை மீண்டும் நிரப்பிக் கதவோர அளவுக்குக் கொண்டு வாருங்கள். அப்படியே மலையேறினால், ஆறிய டயர்களில் காற்றுப் போதாமல் இருக்கும். சில்லு நட்டுகளை மீண்டும் முறுக்குமானியால் சரிபாருங்கள். மிதிகட்டை காலையில் இருந்த உயரத்தில் நிற்கிறதா என்று மிதித்துப் பாருங்கள், பஞ்சுபோல அமுங்கினால் பிரேக்கில் காற்று எடுக்காமல் புறப்பட வேண்டாம். பேட்டின் தடிப்பை அளந்து கொப்பியில் எழுதுங்கள். காலைக்கும் மாலைக்கும் இடையே எவ்வளவு தேய்ந்தது என்பது தெரிந்தால், அடுத்த திடல் நாளுக்குப் புதிய பேட் வாங்க வேண்டுமா என்பதை அன்றே முடிவு செய்துவிடலாம்.